ஜீப் வண்டியின் பசி

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மவரிடையே ஒரு பேச்சு உண்டு. இக்காலத்தில் யானை கட்டுவோர் அரியர். மோட்டார் வண்டி கட்டுவோர் பலர். தீனி போடும் கவலை மட்டும் மாறவில்லை. அவ்வண்டிகளுள்ளும், சேற்று வழியிலும் காட்டு வழியிலும் ஓடுவதற்கென்று உயர்த்தியும் பெருப்பித்தும் மாற்றி அமைக்கப்பெற்ற ஜீப் வண்டி இருக்கின்றதே, அதன் பசி தனிப்பசி. அது திடீரென்று அதிகமாகத் தின்னத் தொடங்கினால் காரணத்தை எங்ஙனம் கண்டறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் மோட்டார்த் தொழில் கற்றவன் அல்லன். கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பவன். ஆயினும் வண்டி ஓடுவது பௌதிகவியலின் விதிகளுக்கு உட்பட்டே ஆதலின், வகுப்பறையில் மாணவருக்குச் சொல்லும் முறை தெருவிலும் பயன்படுமா என்று பார்க்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அது விளையாட்டான சந்தர்ப்பம் அன்று. ஒரு மூதாட்டியின் உயிர் அக்கணக்கிலே தொங்கிக்கொண்டிருந்தது.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் நெடுங்கேணிப் பக்கம். மைத்துனர் நெல்லும் கச்சானும் செய்பவர். பெருந்தெருவிலிருந்து அவர்கள் வளவுக்குச் செல்லும் பாதை மாரி காலத்தில் பாதையாக இருப்பதில்லை. குளத்து வான் பாய்ந்து முழங்காலளவு சேறாகிவிடும். ஆகவே பழைய ஜப்பானிய ஜீப் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். 1300 சி.சி. பெற்றோல் இயந்திரம், நான்கு சில்லுகளும் இழுக்கும் வகை. 2020ஆம் ஆண்டில் அதனை இரண்டு அங்குலம் உயர்த்தி, பெரிய சேற்று ரயர்கள் பூட்டி, முன்னே இரும்புத் தாங்கியும் இழுவைக் கம்பி சுற்றும் வின்ச்சும், மேலே இரும்புத் தட்டும் வைத்தார்.

அவருடைய தாயாருக்கு, எனக்கு மாமி முறையானவருக்கு, சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த நிலை. வாரத்தில் இரு நாள் வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்கப்பெறல் வேண்டும். ஒரு நாள் தவறினாலும் காலும் முகமும் வீங்கி மூச்சு முட்டும். போய்வர 90 கிலோமீற்றர். வாரத்துக்கு 180 கிலோமீற்றர்.

2022ஆம் ஆண்டு இந்நாட்டில் எரிபொருள் பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைப்பது அருமை. பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். எங்கள் ஜீப்புக்கும் 20 லீற்றரே. ஆகஸ்ட் மாத விடுமுறையில் நான் அங்கே சென்றபோது மைத்துனர் சொன்ன முதற் செய்தி இதுதான்:

"மச்சான், ஜீப் ஒரு லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர்தான் ஓடுது. கிடைக்கிற இருபது லீற்றரிலை அம்மாவை ஒருக்காத்தான் கொண்டுபோய் வரலாம். மற்ற நாளுக்குக் கடனாப் பெற்றோல் வாங்குறன். இனித் தருவதற்கு ஆளில்லை."

சந்தையிலே ஆலோசனைக்குப் பஞ்சம் இல்லை. ஒருவர் இன்ஜெக்ரரைக் கழுவச் சொன்னார். ஒருவர் பிளக்குகள் நான்கையும் மாற்றச் சொன்னார். இன்னொருவர் பெற்றோலிலே மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றார். பெரும்பாலோர், "இவ்வளவு பெரிய ரயரைப் போட்டால் பெற்றோல் குடியாமல் என்ன செய்யும்?" என்று தீர்ப்புக் கூறிவிட்டனர். ஒவ்வொரு சொல்லிலும் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் செய்து பார்க்கக் காசும் இல்லை, காலமும் இல்லை.

முதலிலே நான் கேட்டது ஸ்பனர் அன்று. என் தங்கையின் கணக்குக் கொப்பி. அவள் சிறு வயதிலிருந்தே வரவு செலவை எழுதி வைப்பவள். பெற்றோல் அடித்த ஒவ்வொரு நாளும் எத்தனை லீற்றர், அப்போது மீற்றர் காட்டிய எண் என்ன என்பவற்றை அதிலே குறித்திருந்தாள். அக்கொப்பியைப் புரட்டியபோது மூன்று காலங்கள் தெளிவாகத் தெரிந்தன. ரயர் மாற்றுவதற்கு முன் லீற்றருக்கு 10 கிலோமீற்றர். மாற்றியபின், 2020 முதல் 2022 மே வரை, 8 கிலோமீற்றர். 2022 ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆறு சொச்சம்.

மாணவர்கள் இவ்விடத்தைக் கவனித்தல் வேண்டும். ரயர் பூட்டி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளாக இருக்கின்ற ஒரு காரணம், சென்ற இரண்டு மாதங்களில் மட்டும் தோன்றிய ஒரு விளைவைத் தானாகவே உண்டாக்க முடியாது. ஆகவே இங்கே இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று விலை; மற்றையது நோய். வண்டியை மாற்றி அமைத்ததற்காக நாம் செலுத்தும் விலை என்றும் இருக்கும். அதனைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. நோயோ பின்னர் வந்தது, அதனைத் தீர்க்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் நோயை விலையென்று எண்ணிப் பொறுத்துக்கொள்வார்; அல்லது விலையை நோயென்று எண்ணி வீண் செலவு செய்வார்.

அடுத்தது அளவை. மீற்றர் சொல்லும் தூரம் மெய்யான தூரந்தானா? அவ்வண்டிக்கு உரிய ரயர் 205/70 ஆர் 15. இதன் பொருள்: அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 70, அதாவது 143.5 மில்லிமீற்றர்; நடுவளையத்தின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீற்றர். மேலும் கீழும் இரு சுவர்கள் ஆதலால் மொத்த விட்டம் 668 மில்லிமீற்றர். புதிதாகப் பூட்டியது 235/75 ஆர் 15. இதே கணக்குப்படி அதன் விட்டம் ஏறத்தாழ 733 மில்லிமீற்றர். ஒன்றை மற்றதனால் வகுத்தால் 1.1 வரும். சில்லு ஒரு முறை சுழலும்போது வண்டி முன்னையிலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செல்கின்றது. மீற்றரோ சுழற்சியைத்தான் எண்ணுகின்றது. ரயர் மாறியதை அது அறியாது.

கணக்குச் சரிதானா என்று பார்க்கக் கண்டி–யாழ்ப்பாண வீதியின் கிலோமீற்றர்க் கற்கள் உதவின. கல்லுக்குக் கல் 10 கிலோமீற்றர் ஓடியபோது மீற்றர் 9.1 என்றே காட்டியது. ஆகவே கொப்பியில் உள்ள 8 உண்மையில் 8.8.

இன்றைய நிலையை அளக்க வழக்கமான முறை தாங்கியை வாய்வரை நிரப்பி, ஓடி, மறுபடி வாய்வரை நிரப்புவது. வாரத்துக்கு 20 லீற்றர் கிடைக்கும் காலத்தில் அது ஆகாத காரியம். எனவே வேறு வழி செய்தோம். பெற்றோல் குறைவு என்று காட்டும் விளக்கு எரிந்ததும் நிறுத்தி, அளந்த 5 லீற்றரைக் கானிலிருந்து ஊற்றினோம். வவுனியாப் பயணத்தில் அவ்விளக்கு மறுபடி எரியும்வரை மீற்றர் காட்டியது 30.5 கிலோமீற்றர். மற்ற நாளும் அவ்வாறே செய்தோம், விடை மாறவில்லை. 30.5ஐ 5ஆல் வகுக்க 6.1, அதனை 1.1ஆல் பெருக்க 6.7.

இப்போது கணக்கு வெளியாகின்றது. பத்திலிருந்து 6.7க்கு வந்ததில் இழந்தது 3.3 கிலோமீற்றர். அதில் 1.2 மாற்றங்களின் விலை, 2.1 நோய். வாரப் பயணமாகிய 180 கிலோமீற்றருக்கு 6.7 வீதம் 26.9 லீற்றர் வேண்டும். நோய் முழுதும் தீர்ந்து 8.8க்கு வந்தாலும் 20.5 லீற்றர் வேண்டும். கிடைப்பது 20. நோயைத் தீர்த்தால் மட்டும் போதாது. விலையையும் சிறிது குறைத்தாக வேண்டும் என்பதை இந்த அரை லீற்றர் எங்களுக்குச் சொல்லிற்று.

நோயைத் தேடும்போதும் கொப்பியே வழிகாட்டிற்று. ஜூன் 11ஆம் திகதிக்கு நேரே, "றேடியேற்றர் குழாய் வெடித்து மாற்றியது" என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த முறை பெற்றோல் அடித்ததிலிருந்தே கணக்கு இறங்குகின்றது. வெப்பநிலை முள் முன்னர் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்குமென்றும், இப்போது கால் பங்குக்கு மேல் ஏறுவதில்லை என்றும் மைத்துனர் சொன்னார். இயந்திரம் குளிர்ச்சியாக ஓடுவது நன்மையென்றே வீட்டார் எல்லாரும் எண்ணியிருந்தனர்.

நன்மை அன்று. இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர்வழியில் தேமோஸ்ரற் என்றொரு சிறு வாயில் உண்டு. அதனுள்ளே ஒருவகை மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். நீர் குளிர்ந்திருக்கும்போது வாயில் மூடியிருக்கும்; நீர் றேடியேற்றருக்குப் போகாமல் இயந்திரத்தையே சுற்றி விரைவில் சூடேறும். குறித்த வெப்பநிலை வந்ததும் மெழுகு உருகி விரிந்து வாயிலைத் திறக்கும். நமது நாடு வெப்பநாடு, இந்த வாயில் எதற்கு என்று எண்ணிச் சில கராஜ்களில் அதைக் கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். அவ்வாறு கழற்றினால் நீர் தொடக்கத்திலிருந்தே றேடியேற்றர் வழியாக ஓடி ஓடி, இயந்திரம் உரிய சூட்டை அடைவதே இல்லை.

குளிர்ந்த இயந்திரத்திலே பெற்றோல் நன்கு ஆவியாவதில்லை. ஆதலால், நீரின் வெப்பநிலையை உணர்ந்து பெற்றோலை அளந்து விடும் மின்னணு மூளை, இயந்திரம் இப்போதுதான் விழித்ததென்று கருதி, கூடுதலாகப் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும். ஈரவிறகு வைத்த அடுப்பு எத்தனை விறகைத் தின்றாலும் சோறு வேகாததைப் போன்றது அது.

எண்ணம் வேறு, நிரூபணம் வேறு. காலையில் குளிர்ந்த இயந்திரத்தை இயக்கி, றேடியேற்றரின் மேற்குழாயைத் தொட்டுப் பார்த்தோம். வாயில் இருந்தால் அக்குழாய் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து பின்னர் சட்டென்று சுட வேண்டும். இங்கேயோ தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறிற்று. பழைய மாணவர் ஒருவர் இயந்திர மூளையிலிருந்து எண்களைப் படிக்கும் சிறு கருவியைக் கொண்டுவந்தார். அரைமணி நேரம் ஓடியபின்னும் நீரின் வெப்பநிலை 60 பாகை செல்சியஸ். நன்கு ஆறியபின் (சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறத்தல் ஆகாது, கொதிநீர் முகத்திலே பாயும்) வாயில் இருக்கும் கூட்டைத் திறந்தோம். உள்ளே ஒன்றும் இல்லை.

புதிய தேமோஸ்ரற் ஒன்றை வவுனியாவில் வாங்கினோம். 82 பாகை என்று அதிலே பொறித்திருந்தது. பூட்டுவதற்கு முன், தங்கையின் அடுப்பிலே ஒரு பழைய பாத்திரத்தில் நீரூற்றி, அதனை நூலிலே கட்டித் தொங்கவிட்டு, கல்லூரி ஆய்வுகூட வெப்பமானியையும் வைத்துக் காய்ச்சினோம். பிள்ளைகள் சூழ நின்று பார்த்தனர். 82ஐ அணுகியதும் வாயில் மெல்லத் திறந்தது. நீர் ஆற மூடிற்று. பாடப்புத்தகத்தில் விரிவு என்ற சொல்லை மனனம் செய்த என் மருமகன், "மாமா, மெழுகு கதவைத் தள்ளுது!" என்று கூவினான். பூட்டி ஓடியபோது முள் தன் பழைய இடத்துக்கு வந்தது. அளந்து பார்த்ததில் லீற்றருக்கு 7.7.

முன்னேற்றந்தான், ஆயினும் 8.8 வரவில்லை. ஆகவே வேறொரு நோயும் உண்டு. அதனைக் காண்பது எளிதாயிற்று. 20 கிலோமீற்றர் தூரம் பிறேக்கை இயன்றவரை மிதியாமல் ஓட்டி, மெதுவாகத் தானே நிற்கவிட்டு, நான்கு சில்லுகளின் நடுவிலும் கையைத் தொடாமல் அருகே பிடித்துப் பார்த்தோம். மூன்று சில்லுகள் இளஞ்சூடு. முன் இடச்சில்லு அனல். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுழற்றினால் அது மட்டும் அரைச் சுற்றில் நின்றது. சேற்றுநீர் புகுந்து பிறேக்கின் வழுக்கு ஊசிகள் துருப்பிடித்திருந்தன. மிதித்த பிறேக் முற்றாக விடுபடாமல் நாள் முழுதும் உரோஞ்சிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் ஒருவர் அவற்றைக் கழற்றித் துருநீக்கி, உரிய கிரீஸ் பூசி, கிழிந்த இறப்பர் உறைகளை மாற்றினார். நீரில் இறங்கும் வண்டிகளுக்கு இது வழக்கமான வியாதி. பெற்றோலை வீணாக்குவதோடு, பெரும் வேகத்தில் பிறேக் கைவிடவும் கூடும் ஆதலின் இதனை அசட்டை செய்தல் தகாது. இதன்பின் 8.6.

சந்தையார் சொன்னவற்றையும் நாம் ஒதுக்கிவிடவில்லை. பிளக்குகளைக் கழற்றினோம், கருமை படிந்திருந்தன. அக்கருமை கூடுதற் பெற்றோலின் அடையாளமேயன்றிக் காரணம் அன்று. துடைத்துப் பூட்டினோம். காற்று வடியிலே செம்புழுதி நிறைந்திருந்தது, மாற்றினோம். ஆனால் கார்புரேற்றர் உள்ள பழைய வண்டிகளில் அடைபட்ட வடி பெற்றோலை வீணாக்குமேயன்றி, காற்றை அளந்து பெற்றோல் விடும் இவ்வகை இயந்திரங்களில் அது பெரும்பாலும் வலுவையே குறைக்கும். எனவே அதனிடம் பெரிய மிச்சத்தை எதிர்பார்க்கவில்லை, கிடைக்கவும் இல்லை.

இனி விலையைப் பற்றி. மாற்றி அமைத்த வண்டி ஏன் அதிகம் தின்கின்றது? உயரத்தாலும் மேற்றட்டாலும் காற்றின் தடை கூடுகின்றது. இரும்பால் பாரம் கூடுகின்றது. சேற்று ரயரின் பெருங்கட்டைகள் தார்வீதியிலே நெளிந்து நெளிந்து சக்தியை வெப்பமாக்குகின்றன. சில்லுப் பெருத்ததால் கியரின் இழுவை பத்தில் ஒன்று குறைந்து, மேட்டிலே கீழ்க் கியருக்கு இறங்க வேண்டியிருக்கின்றது. இவற்றுள் ரயரை மாற்ற எங்களிடம் பணம் இல்லை. மாரியில் அது வேண்டியதும் கூட. ஆனால் ஆகஸ்டில் சேறு ஏது? மேற்றட்டையும் வின்ச்சையும் கழற்றிக் கொட்டிலில் வைத்தோம்; மாரிக்கு முன் பூட்டலாம். சேற்றுக்காகச் சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல் என்று குறைத்து வைத்திருந்த காற்றமுக்கத்தைத் தார்வீதிக்கு 30 ஆக்கினோம்.

கடைசியாக வேகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவது. மணிக்கு 80 கிலோமீற்றரில் உள்ள தடையை 100 என்று கொண்டால், 60இல் அது 56 மட்டுமே. மெய்வேகம் 60ஐத் தாண்டுவதில்லை என்று மைத்துனர் ஒப்புக்கொண்டார். மீற்றரில் அது 55 என்று ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டினோம். பயணத்துக்கு ஒரு கால்மணி நேரம் கூடிற்று. லீற்றருக்கு 9.4 கிடைத்தது. 180ஐ 9.4ஆல் வகுத்தால் 19.1. வாரக் கணக்கிலே முதன்முறையாக ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைய மிஞ்சிற்று.

அந்த மிச்சத்தைக் கண்டு தங்கை கொப்பியை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தாள். மாமியோ, "என்னாலை உங்களுக்கெல்லாம் எவ்வளவு கரைச்சல்" என்றார். தான் வீட்டுக்குப் பாரமாகிவிட்டேன் என்ற எண்ணம் அவரை நோயினும் அதிகமாக வருத்திற்று என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். 2023 செப்டெம்பரில் பங்கீட்டு முறை நீக்கப்படும் வரை, பெற்றோல் இல்லையென்பதனால் அவர் ஒரு முறையேனும் வவுனியாவுக்குப் போகாதிருந்தது இல்லை.

நமக்கு இத்தகைய தட்டுப்பாடு புதிதன்று. 1990களிலே யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவியபோது, பழைய ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயிலே ஓடியதைச் சிறுவனாக இருந்து கண்டவன் நான். அக்காலத்து மெக்கானிக்குகள் பல்கலைக்கழகம் காணாதவர்கள். ஆயினும் எதை மாற்றினால் எது மாறும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தறிந்தவர்கள். ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றுபவனுக்கு வண்டி திருந்தினாலும் அறிவு மிஞ்சாது. ஒன்றை மாற்றி, அளந்து, எழுதி, பின்னர் அடுத்ததற்குச் செல்பவனுக்கு இரண்டும் கிடைக்கும்.

வாசிக்கும் பெற்றோருக்கும் மாணவருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. வண்டி இருக்கும் வீடுகளில் ஒரு பழைய கொப்பியை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள். திகதி, லீற்றர், மீற்றர் எண், செய்த திருத்தம் ஆகிய நான்கையும் எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். வகுத்தலும் பெருக்கலும் பயிற்சிப் புத்தகத்துக்கு வெளியேயும் வாழ்கின்றன என்பதை அவன் அறிவான். என்றோ ஒரு நாள், அக்கொப்பியிலுள்ள ஒரு வரி ஒரு குடும்பத்தின் பெருங்கவலையைத் தீர்க்கவும் கூடும்.